லண்டனில் மது விற்கும் கடைக்காரருக்கும் உணவகக்காரருக்கும்: லைசன்ஸை எடுப்பதும் கைவிட்டுப் போகாமல் வைத்திருப்பதும்

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ ஒரு போத்தல் பியரைச் சட்டப்படி விற்க மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் சரியாக இருக்க வேண்டும். கடைக்கு ஒரு பிரிமிசஸ் லைசன்ஸ். அந்த லைசன்ஸில் பொறுப்பாளராகப் பெயர் போடப்பட்ட ஒருவர், அதாவது டிபிஎஸ். அந்த டிபிஎஸ் கையில் ஒரு பேர்சனல் லைசன்ஸ். இந்த மூன்றில் ஒன்று விலகினாலும் அந்த நிமிடத்திலிருந்து நடக்கும் ஒவ்வொரு விற்பனையும் குற்றம்தான். நீதிமன்றம் எல்லையில்லாத அபராதம் போடலாம், 6 மாதம் வரை சிறையும் கொடுக்கலாம்.

ஈஸ்ட்ஹாம், ரூட்டிங், ஹரோ, வெம்பிளி என்று நம்மவர் கடை போடும் இடங்களில் இந்த விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பதும், விசாரணைகளில் கடைக்காரர் பக்கத்தில் உட்காருவதும் என் வேலை. விண்ணப்பம் மறுக்கப்பட்டு அழுதவர்கள் குறைவு. கிடைத்த லைசன்ஸைப் பறிகொடுத்தவர்கள்தான் அதிகம். அதனால் இந்த வழிகாட்டியில் எடுக்கும் கதையைச் சுருக்கமாகவும் வைத்திருக்கும் கதையை நீளமாகவும் சொல்கிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் 2003ஆம் ஆண்டு லைசன்சிங் சட்டம் பற்றியது. அது 2005 நவம்பர் 24 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஸ்கொட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் வேறு சட்டங்கள். கிளாஸ்கோவில் கடை போடுபவர் இதைப் பார்த்து வேலை செய்யக்கூடாது.

படி 1: உங்களுக்கு லைசன்ஸ் தேவையா?

புதிதாகச் சாப்பாட்டுக்கடை திறப்பவர்கள் பலர் முதல் வருடம் மது விற்பதில்லை. ‘உங்கள் போத்தலை நீங்களே கொண்டு வாருங்கள்’ என்று வாசலில் எழுதிவிடுவார்கள். இது சட்டப்படி சரி. சட்டம் பிடிப்பது விற்பனையை, குடிப்பதை அல்ல. கிளாஸ் கொடுத்து, திறந்து கொடுத்து, அதற்கு ஒரு சிறு தொகை வாங்கினாலும் அது மது விற்பனை ஆகாது. ஆனால் கடை லீஸில் மது கூடாது என்று எழுதியிருந்தால் வீட்டுக்காரர் வந்து நிற்பார், அது வேறு பிரச்சினை.

தவறு நடப்பது இதற்கு அடுத்த இடத்தில். ‘பிரியாணி வாங்கினால் ஒரு பியர் இலவசம்’ என்பது இலவசம் இல்லை, சாப்பாட்டு விலைக்குள் அடங்கிய விற்பனை. பில்லில் ‘சோடா’ என்று அடித்து உள்ளே விஸ்கி கொடுப்பதைப் பற்றி எழுதவே தேவையில்லை.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை சூடான சாப்பாடோ சூடான பானமோ விற்கவும் இதே லைசன்ஸ் வேண்டும். ஒரு சொட்டு மது இல்லாத கொத்துரொட்டிக் கடைக்கும் இது பொருந்தும்.

படி 2: கடை பார்க்கும்போதே பார்க்க வேண்டியவை

புது இடமாக இருந்தால் முதலில் லீஸ், பிறகு பிளானிங் (கட்டடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற அனுமதி), அதன் பிறகுதான் லைசன்ஸ். 2020 செப்டம்பர் முதல் கடை, கஃபே, உணவகம் எல்லாம் ஒரே பயன்பாட்டு வகுப்பில், ‘கிளாஸ் ஈ’யில் வருகின்றன. துணிக்கடையை உணவகமாக்கப் பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. ஆனால் சமையலறைப் புகைக்குழாயை வெளியே ஏற்றுவதற்கு அனுமதி வேண்டியிருக்கும். பப்பும் டேக்கவேயும் அந்த வகுப்பில் இல்லை. லைசன்ஸில் ஒரு நேரமும் பிளானிங்கில் வேறு நேரமும் இருந்தால், இரண்டில் எது முந்தி முடிகிறதோ அந்த நேரத்தில் கதவைச் சாத்த வேண்டும்.

அந்தத் தெருவை ‘கியூமுலேட்டிவ் இம்பாக்ட்’ பகுதி என்று கவுன்சில் அறிவித்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஏற்கெனவே மதுக்கடைகள் அளவுக்கு மேல் குவிந்துவிட்டன என்று கவுன்சில் ஆதாரத்தோடு முடிவு செய்த இடம் அது. அங்கே யாராவது எதிர்த்தால், உங்கள் கடையால் நிலைமை மோசமாகாது என்று காட்டும் பாரம் உங்கள் தலையில்தான். கவுன்சில் இணையதளத்தில் ‘லைசன்சிங் கொள்கை’ என்ற ஆவணம் இருக்கும். முன்பணம் கொடுப்பதற்கு முன் அதைப் படியுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் கடையை வாங்குகிறீர்களா? லைசன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 23 பவுண், டிபிஎஸ்ஸை மாற்ற 23 பவுண். இரண்டையும் ‘உடனே நடைமுறைக்கு வரட்டும்’ என்று கேட்டு அனுப்பலாம். விற்பவர் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். சாவி கைமாறிய பிறகு அவரைப் பிடிப்பது கஷ்டம் என்பதால், அந்தக் கையெழுத்தைப் பணம் கொடுக்கும் மேசையிலேயே வாங்கிவிடுங்கள்.

அதற்கும் முன்னால், கையில் கொடுக்கப்படும் லைசன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். லைசன்ஸ் ஒரு கம்பனி பெயரில் இருந்து, அந்தக் கம்பனி கலைக்கப்பட்டால் லைசன்ஸும் அன்றைக்கே காலாவதியாகிவிடும். கம்பனி லிக்விடேஷனுக்குப் போனாலும், கடன் நெருக்கடியில் நியமிக்கப்படும் நிர்வாகியின் கைக்குப் போனாலும், கடன்காரர்களோடு சிவிஏ ஒப்பந்தம் போட்டாலும் இதே கதி. தனி ஆள் பெயரில் இருந்தால் அவர் இறந்தாலோ திவாலானாலோ அப்படித்தான். காலாவதியான நாளிலிருந்து 28 நாளுக்குள் மாற்ற விண்ணப்பம் போட்டால் லைசன்ஸ் மீண்டும் உயிர்பெறும். 29ஆம் நாள் என்றால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதுதான்.

நம்மவர்களிடம் இது எப்படி நடக்கிறது தெரியுமா? கணக்குத் தாக்கல் செய்யப்படவில்லை என்று கம்பனிப் பதிவகமான கம்பனீஸ் ஹவுஸ் கடிதம் மேல் கடிதம் போடும். பதிவு முகவரி அக்கவுண்டன் அலுவலகம். அக்கவுண்டனோ இடம் மாறிவிட்டார், அல்லது கட்டணப் பாக்கிக்காகக் கோபத்தில் இருக்கிறார். கம்பனி பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. கடையில் வியாபாரம் வழமைபோல் ஓடுகிறது, யாருக்கும் ஒன்றும் தெரியாது. அதனால் கம்பனீஸ் ஹவுஸ் தளத்தில் விற்பவரின் கம்பனி எண்ணைப் போட்டுப் பாருங்கள். இலவசம். வாங்கிய பிறகு உங்கள் கம்பனிக்கும் அதே தளத்தில் மின்னஞ்சல் அறிவிப்பு போட்டு வைக்கலாம்.

படி 3: பேர்சனல் லைசன்ஸ்

இது எளிது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், வேலை செய்யும் உரிமை இருக்க வேண்டும், ஏபிஎல்எச் என்ற ஒரு நாள் பயிற்சியும் தேர்வும், ஒரு மாதத்துக்குள் எடுத்த டிபிஎஸ் குற்றப்பதிவுச் சான்று, படங்கள், 37 பவுண் கட்டணம். (பெயர்க் குழப்பம் வேண்டாம்: குற்றப்பதிவுச் சான்றையும் டிபிஎஸ் என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் அந்த டிபிஎஸ் வேறு, லைசன்ஸில் பெயர் போடும் டிபிஎஸ் வேறு.) விண்ணப்பம் கடை இருக்கும் கவுன்சிலுக்கு அல்ல, நீங்கள் வசிக்கும் கவுன்சிலுக்குப் போக வேண்டும். முன்பு பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2015 முதல் அது இல்லை. ஆனால் வீடு மாறினால் அறிவிக்க வேண்டும். சட்டத்தில் பட்டியலிட்ட குற்றம் ஏதாவது உங்கள் மேல் சுமத்தப்பட்டால், மது அருந்தி வண்டி ஓட்டியதும் அந்தப் பட்டியலில் உண்டு, லைசன்ஸ் வைத்திருப்பதை நீதிமன்றத்தில் நீங்களே சொல்ல வேண்டும்.

ஒரு கடைக்கு ஒரே ஒரு டிபிஎஸ்தான். அவர் எந்நேரமும் கடையில் நிற்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு விற்பனையும் பேர்சனல் லைசன்ஸ் உள்ள ஒருவரால் நடக்க வேண்டும், அல்லது அவர் அதிகாரம் கொடுத்த ஒருவரால் நடக்க வேண்டும். அந்த அதிகாரத்தை ஒரு தாளில் எழுதி, யார் யாருக்கு என்று பெயர் போட்டு, கையெழுத்து வைத்து வையுங்கள். ஒரே ஒரு பக்கம் போதும்.

பெயருக்கு மட்டும் டிபிஎஸ் போடுவது நம் கடைகளில் பழைய பழக்கம். மச்சானுடைய பெயர் லைசன்ஸில் இருக்கும், மச்சான் பேர்மிங்கமில் இருப்பார். பொலிஸ் போன் பண்ணினால் ‘நான் அங்கே போய் இரண்டு வருடமாகிறது’ என்பார். இந்த ஒரு பதில் ஒரு முழு வழக்கைத் தோற்கடிக்கப் போதும். அதோடு, குடும்பச் சண்டையில் அவர் கவுன்சிலுக்கு எழுதி விலகிக்கொண்டால் அன்றிலிருந்து உங்கள் கடையில் டிபிஎஸ் இல்லை.

படி 4: விண்ணப்பம், அதிலும் முக்கியமாக அந்த ஒரு பக்கம்

கட்டணம் கடையின் வர்த்தக வரி மதிப்பைப் பொறுத்தது. மதிப்பு 4,300 பவுண் வரை என்றால் 100 பவுண். 33,000 வரை 190. 87,000 வரை 315. 125,000 வரை 450. அதற்கு மேல் 635. பிறகு ஆண்டுக் கட்டணம் இதே வரிசையில் 70, 180, 295, 320, 350. ஆண்டுக் கட்டணம் கட்டாவிட்டால் கவுன்சில் லைசன்ஸை இடைநிறுத்த வேண்டும், அது அவர்களுடைய விருப்பம் இல்லை. கடை முகவரிக்கு வரும் பில்லை விளம்பரத் துண்டோடு சேர்த்துக் குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

விண்ணப்பத்தோடு கடையின் வரைபடம், டிபிஎஸ் ஆகப்போகிறவரின் சம்மதப் படிவம் இரண்டும் போகும். வரைபடத்தில் வாசல்கள், தீயணைப்புக் கருவிகள், மது வைக்கும் இடம், படிகள், கழிவறை எல்லாம் வர வேண்டும். பின்னாளில் பாரை நகர்த்தினாலோ சுவரை இடித்தாலோ வரைபடத்தையும் மாற்ற வேண்டும். சிறு மாற்றம் என்றால் 89 பவுணில் முடியும்.

இனி அந்தப் பக்கம். விண்ணப்பத்தில் ‘நான்கு நோக்கங்களை எப்படிக் காப்பீர்கள்’ என்று கேட்பார்கள். குற்றமும் குழப்பமும் தடுத்தல், பொதுப் பாதுகாப்பு, அயலவருக்குத் தொல்லை தராமை, சிறுவர் பாதுகாப்பு. இந்த நான்குதான் சட்டத்தின் அடித்தளம். இதில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வாக்குறுதியும் லைசன்ஸின் ‘அனெக்ஸ் 2’ல் நிபந்தனையாக அச்சாகி வரும். நிபந்தனையை மீறி விற்பதும் லைசன்ஸ் இல்லாமல் விற்பதும் சட்டத்தில் ஒரே பிரிவு, பிரிவு 136.

அப்படியிருக்க, பலர் என்ன செய்கிறார்கள்? இன்னொருவர் விண்ணப்பத்தை அப்படியே நகலெடுக்கிறார்கள். அல்லது முகவர் ஒருவர் ‘எல்லாவற்றுக்கும் ஆம் போட்டால் சீக்கிரம் கிடைக்கும்’ என்று எழுதித் தள்ளுகிறார். கடைசியில் 40 இருக்கை உள்ள தோசைக் கடையின் லைசன்ஸில் ‘வெள்ளி, சனி இரவுகளில் இரண்டு காவலாளிகள் வாசலில் நிற்பார்கள்’ என்று இருக்கும். அவர்கள் ஒரு நாளும் நின்றதில்லை. அதாவது ஒவ்வொரு வெள்ளியும் சனியும் குற்றம் நடந்திருக்கிறது.

எதை எழுதலாம், எதை யோசித்து எழுத வேண்டும் என்பதற்கு இரண்டு உதாரணம்.

கெமரா: ‘சிசிடிவி இருக்கும், 31 நாள் பதிவு சேமிக்கப்படும், பொலிஸ் கேட்டால் நகல் எடுத்துத் தரத் தெரிந்த ஒருவர் கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் இருப்பார்’ என்பது லண்டனில் கிட்டத்தட்ட எல்லா லைசன்ஸிலும் வரும் நிபந்தனை. இதை மறுக்க முடியாது. ஆனால் கையெழுத்திடுமுன் உங்கள் பெட்டியில் 31 நாள் கொள்ளுமா என்று பாருங்கள். கெமராவைக் கூட்டினாலோ படத்தின் தரத்தை உயர்த்தினாலோ பதிவு 12 நாளில் அழிந்துவிடும். அதோடு கடவுச்சொல் கெமரா பூட்டியவரிடம் மட்டும் இருந்தால் நிபந்தனை மீறப்பட்டதுதான்.

சாப்பாட்டோடு மது: உணவகங்களுக்கு ‘மேசையில் அமர்ந்து முழுச் சாப்பாடு சாப்பிடுபவருக்கு மட்டும், அதன் துணையாக மட்டும் மது’ என்ற நிபந்தனையை பொலிஸ் கேட்கும். குடும்ப உணவகத்துக்கு இதில் நட்டமில்லை. ஆனால் உங்கள் வியாபாரம் டெவில்ட் இறால், மிக்ஸர், முட்டைப் பொரியல் என்று ‘பைட்ஸ்’ தட்டோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்து குடிப்பவர்களை நம்பியிருந்தால், கிரிக்கெட் மேட்ச் அன்று கூட்டம் நின்றுகொண்டே குடிக்கும் என்றால், இதற்கு ஒப்புக்கொள்வது உங்கள் கழுத்துக்கு நீங்களே சுருக்குப் போடுவது. அப்போதே பொலிஸோடு பேசி வேறு வாசகம் கேளுங்கள்.

படி 5: 28 நாளும், தேவைப்பட்டால் விசாரணையும்

விண்ணப்பம் போன மறுநாளிலிருந்து 28 நாள், வெளிர்நீலத் தாளில் அறிவிப்பு கடைக் கண்ணாடியில் வெளியே நின்று வாசிக்கக்கூடியபடி ஒட்டியிருக்க வேண்டும். எழுத்து 16 புள்ளி அளவுக்குக் குறையக்கூடாது. முதல் 10 வேலைநாளுக்குள் உள்ளூர்ப் பத்திரிகையிலும் விளம்பரம். பல இடங்களில் கவுன்சில் கட்டணத்தைவிட இந்த விளம்பரச் செலவு கூடுதலாக வரும். தாள் கழன்று விழுந்தால் 28 நாளும் திரும்ப ஓட வேண்டி வரலாம், ஆகவே தினமும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

பொலிஸ், தீயணைப்பு, சுற்றாடல் சுகாதாரம், ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் (கவுன்சிலின் வர்த்தகக் கண்காணிப்புப் பிரிவு), குடிவரவு அமலாக்கம் முதலானோரும் அயலவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். யாரும் எதிர்க்கவில்லை என்றால் கவுன்சில் லைசன்ஸ் கொடுத்தே ஆக வேண்டும். எதிர்ப்பு அந்த நான்கு நோக்கங்களைப் பற்றியதாக இருக்க வேண்டும். ‘இந்தத் தெருவில் ஏற்கெனவே ஐந்து கடை இருக்கிறது, என் வியாபாரம் போகும்’ என்று பக்கத்துக் கடைக்காரர் எழுதினால் அது எடுபடாது.

எதிர்ப்பு வந்தால் விசாரணைக்குக் காத்திருக்காமல் முதலில் போனை எடுங்கள். மேல்மாடியில் குடியிருப்பவர் கேட்பது பெரும்பாலும் போத்தல்களை இரவில் வெளியே கொட்டாதீர்கள், பின்கதவை 10 மணிக்கு மூடுங்கள் என்பதுதான். ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் பல எதிர்ப்புகள் திரும்பப் பெறப்படும். மற்றபடி மூன்று கவுன்சிலர்கள் முன் விசாரணை. நேரில் போங்கள், டிபிஎஸ்ஸும் வரட்டும். கேள்விக்கு முகவரே பதில் சொல்லிக்கொண்டிருந்தால் ‘கடையை நடத்துவது யார்?’ என்று கேட்டுவிடுவார்கள்.

படி 6: வயது

18 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கக்கூடாது. இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது இதன் நடைமுறை.

ரில்லில் (காசு வாங்கும் இடத்தில்) நின்று விற்ற பெடியனுக்கு அந்த இடத்திலேயே 90 பவுண் தண்டம் எழுதலாம், அல்லது நீதிமன்றத்துக்குக் கொண்டு போகலாம். அதே கடையில் மூன்று மாதத்துக்குள் இரண்டு தரம் நடந்தால் விஷயம் லைசன்ஸ் வைத்திருப்பவர் தலைக்கு வரும். அவருக்கு எல்லையில்லாத அபராதம், அல்லது வழக்குக்குப் பதிலாகக் குறைந்தது 48 மணி நேரம், கூடினால் 336 மணி நேரம் மது விற்பனைக்குப் பூட்டு. இரண்டு தரமும் வேறு வேறு ஆள் விற்றிருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் சோதனைக்காகப் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளை அனுப்பும். ஆகவே ‘சலெஞ்ச் 25’ என்ற முறை: 25 வயதுக்குக் குறைவாகத் தெரியும் எவரிடமும் அடையாள அட்டை கேட்பது. பாஸ்போர்ட், படமுள்ள சாரதி அனுமதி, ‘பாஸ்’ ஹோலோகிராம் உள்ள அட்டை போதும். போனில் எடுத்த பாஸ்போர்ட் படம் போதாது. கோயிலில் பார்க்கும் பிள்ளை, மகளோடு படிக்கும் பையன் என்றாலும் கேளுங்கள்.

மறுத்த ஒவ்வொரு தடவையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: நாள், நேரம், என்ன கேட்டார், எப்படி இருந்தார், யார் மறுத்தது. சட்டத்தில் உங்களைக் காப்பாற்றும் முக்கிய வாதம், ‘எடுக்கக்கூடிய முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்தேன்’ என்பது. அதற்குச் சான்று இந்தக் கொப்பியும், வேலையாட்களுக்குப் பயிற்சி கொடுத்த பதிவும். ஆறு மாதமாக ஒரு வரிகூட எழுதாத கொப்பி, இல்லாததைவிட மோசம். எல்லா வரியும் ஒரே பேனையில் ஒரே நாளில் எழுதப்பட்டதும் பார்த்தவுடன் தெரியும்.

சொந்தப் பிள்ளைகள் பற்றி. பள்ளி முடிந்து வந்து ரில்லில் நிற்கும் 16 வயது மகன் மது விற்கலாமா? கடையில் என்றால், அந்த ஒவ்வொரு விற்பனையையும் பொறுப்பில் உள்ள 18 வயதுக்கு மேற்பட்டவர் தனித்தனியாகச் சரி என்று சொல்ல வேண்டும். நீங்கள் பின்னால் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டு ‘சரி கொடு’ என்று பொதுவாகச் சொன்னால் போதாது. உணவகத்தில் மேசைச் சாப்பாட்டோடு மட்டும் மது பரிமாறும் பகுதியில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. குடிக்கும் பக்கம்: 16, 17 வயதுப் பிள்ளைகள் பெரியவர் ஒருவரோடு மேசையில் சாப்பிடும்போது, பெரியவர் வாங்கிக் கொடுத்தால் பியர், வைன், சைடர் குடிக்கலாம். விஸ்கி கூடாது.

படி 7: சரக்கு எங்கிருந்து வருகிறது?

வாசலில் வெள்ளை வானை நிறுத்தி ‘அண்ணா, விஸ்கி இருக்கு, கேஸ் விலை சொல்லவா?’ என்று ஒருவர் வருவார். ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். 70 சென்டிலீட்டர், 40 சதவீத விஸ்கி போத்தலில் தீர்வை (மதுவுக்கான அரசு வரி) மட்டும் 9 பவுணுக்கு மேல். அதன் மேல் 20 சதவீத வாட் சேர்த்தால் 11 பவுணைத் தாண்டும். இதில் விஸ்கி காய்ச்சியவர், போத்தல் செய்தவர், கொண்டு வந்தவர் யாருக்கும் இன்னும் ஒரு சதம் போகவில்லை. ஒருவர் 9 பவுணுக்குத் தருகிறேன் என்றால் அவர் என்ன தருகிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

2017 ஏப்ரல் 1 முதல், எச்எம்ஆர்சி என்ற வரித் திணைக்களத்தில் பதிவு பெற்ற மொத்த வியாபாரியிடம்தான் வாங்க வேண்டும். அவருடைய பதிவு எண்ணை எச்எம்ஆர்சி தளத்தில் போட்டுப் பார்க்கலாம். பார்த்த பக்கத்தை நாளோடு சேமித்து வையுங்கள். இன்வொயிஸ் இல்லாத ஒரு பெட்டிகூட அலுமாரியில் இருக்கக்கூடாது. முன்பு போத்தலில் தீர்வை முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்போம். அந்தத் திட்டம் 2025 மே 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, ஆகவே இப்போது உங்களைக் காப்பது இன்வொயிஸ்தான்.

தீர்வை கட்டாத மதுவைக் கடையில் வைத்திருப்பதே குற்றம், விற்றிருக்க வேண்டியதில்லை. லைசன்சிங் பற்றிய அரசு வழிகாட்டுதல், கடத்தல் மது, கடத்தல் சிகரெட், சட்டவிரோதமாக ஆள் வைத்தல் போன்றவற்றை முதல் தடவையிலேயே லைசன்ஸ் ரத்துச் செய்யும் அளவுக்குப் பாரதூரமாக எடுக்கச் சொல்கிறது. பல வருட நல்ல பெயர் இங்கே உதவாது.

படி 8: ஆட்கள்

குடிவரவு அமலாக்கம் 2017 ஏப்ரல் முதல் லைசன்சிங் விஷயத்தில் நேரடி உரிமை பெற்ற தரப்பு. வேலை உரிமை இல்லாத ஒருவரை வைத்திருந்தால் 2024 பெப்ரவரி 13 முதல் முதல் தடவைக்கு ஆளுக்கு 45,000 பவுண் வரை தண்டம், மீண்டும் நடந்தால் 60,000 வரை. இது தண்டம் மட்டும். லைசன்ஸ் ரிவ்யூ, அதாவது லைசன்ஸை விட்டு வைக்கலாமா என்று கவுன்சில் மறுபடி விசாரிப்பது, தனி.

2016இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்த கிழக்கு லிண்ட்சி மாவட்டக் கவுன்சில் வழக்கைச் சொல்ல வேண்டும். லிங்கன்ஷையரில் ஒரு சிறிய உணவகம். வேலை உரிமை இல்லாத ஒருவரைச் சமையலுக்கு வைத்திருந்தார்கள். கையில் காசு, வரிப் பதிவு இல்லை, குறைந்தபட்சக் கூலியும் இல்லை. கவுன்சில் லைசன்ஸை ரத்துச் செய்தது. மாவட்ட நீதிபதி, ‘குற்றம் நிரூபிக்கப்படவில்லையே, யாரும் வழக்குத் தொடரவில்லையே’ என்ற போக்கில் திருப்பிக் கொடுத்தார். உயர்நீதிமன்றம் அதை மாற்றியது. குற்றத்தைத் தடுப்பது என்ற நோக்கத்துக்கு முன்கூட்டியே யாரும் தண்டிக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்கு எச்சரிக்கையாக இருக்கவும் லைசன்ஸை எடுக்கலாம் என்றது. இன்றைக்கும் ஏறக்குறைய எல்லா ரிவ்யூவிலும் எதிர்த்தரப்பு இந்தத் தீர்ப்பைக் கொண்டு வருகிறது.

செய்ய வேண்டியது: வேலை தொடங்கும் முன், தொடங்கிய பிறகு அல்ல, குடிவரவு அனுமதியில் இருக்கும் வேலையாளிடம் ‘ஷேர் கோட்’ (வேலை உரிமையைப் பார்க்க அரசுத் தளம் அவருக்குக் கொடுக்கும் குறியீடு) வாங்கி அரசுத் தளத்தில் வேலைகொடுப்போர் பக்கத்தில் நீங்களே போட்டுப் பார்த்து, அந்தப் பக்கத்தைச் சேமிப்பது. அவர் தன் போனில் காட்டுவது கணக்கில் வராது. மாணவர் வீசா என்றால் பட்டப்படிப்பு மாணவருக்குப் படிப்பு நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான். ‘ஊர்ப் பெடியன், சும்மா உதவிக்கு நிற்கிறான், காசு கொடுக்கவில்லை, சாப்பாடு மட்டும்தான்’ என்பது வாதம் இல்லை. இதைச் சொல்லித் தப்பியவரை நான் பார்க்கவில்லை.

படி 9: சின்னச் சின்ன விதிகள்

ஜின், ரம், வொட்கா, விஸ்கி 25 அல்லது 35 மில்லி அளவிலோ அதன் மடங்கிலோதான். ஒரே கடையில் இரண்டையும் கலக்கக்கூடாது. வைன் கிளாஸ் 125 அல்லது 175 மில்லி, அல்லது அதன் மடங்கு. குழாய் பியர் மூன்றிலொரு பைன்ட், அரை, மூன்றிலிரண்டு, முழுப் பைன்ட். சிறிய அளவுகளும் கிடைக்கும் என்று மெனுவில் இருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால் நம்ம தென்னஞ்சாராயமும் பிராந்தியும் அந்த நாலு பெயர்ப் பட்டியலில் இல்லை, ஆனாலும் அதே அளவில் ஊற்றினால் தகராறு வராது. கேட்டவருக்குக் குழாய்த் தண்ணீர் இலவசம். தீர்வையும் வாட்டும் சேர்ந்த தொகைக்குக் கீழே விற்கக்கூடாது. வேல்ஸில் இதற்கு மேல் ஒரு யூனிட்டுக்குக் குறைந்தபட்ச விலை உண்டு. வெறிச்சவருக்குத் தெரிந்துகொண்டே ஊற்றினால் ஊற்றியவருக்கு 1,000 பவுண் வரை அபராதம்.

வாசலில் மேசை போடத் தனியாக நடைபாதை லைசன்ஸ் வேண்டும், புதியதற்குக் கட்டணம் 500 பவுணுக்கு மேல் போகாது. அதோடு உங்கள் லைசன்ஸ் உள்ளே குடிப்பதற்கு மட்டுமா, வெளியே கொண்டு போகவுமா என்று பாருங்கள். வெளியே கொண்டு போகவும் விற்கலாம் என்று கொரோனாக் காலத்தில் உணவகங்களுக்குக் கொடுத்த தற்காலிகச் சலுகை 2025 மார்ச் 31ஓடு முடிந்தது. அதற்குப் பிறகும் டேக்கவே பையில் பியர் போட்டு அனுப்புபவர்கள் இருக்கிறார்கள்.

டிக்கெட் போட்டு நடத்தும் இசை நிகழ்ச்சி, லைசன்ஸ் நேரம் தாண்டும் பிறந்தநாள் விழா இவற்றுக்கு ‘டென்’ என்ற தற்காலிக நிகழ்வு அறிவிப்பு: 21 பவுண், 499 பேர் வரை, 168 மணி நேரம் வரை, பத்து முழு வேலைநாளுக்கு முன். கொடுத்த நாளும் விழா நாளும் அந்தப் பத்தில் சேராது. சாமத்திய வீட்டில் வீட்டுக்காரர் காசில் வாங்கி விருந்தினருக்கு இலவசமாக ஊற்றுவது விற்பனை அல்ல, அதற்கு இது தேவையில்லை.

படி 10: அதிகாரி உள்ளே வந்தால்

வருபவர் முன்கூட்டிச் சொல்ல மாட்டார், வெள்ளி இரவு எட்டு மணிக்கு வருவார். முதலில் சுவரைப் பார்ப்பார். லைசன்ஸின் சுருக்கத் தாள் எல்லாரும் பார்க்கும்படி மாட்டியிருக்க வேண்டும். பிறகு முழு லைசன்ஸ் அல்லது சான்றளித்த நகல் கடையிலேயே எங்கே என்பார். ரில்லில் நிற்பவரிடம் ‘டிபிஎஸ் யார்?’ என்பார். அடுத்து மறுப்புக் கொப்பி, பயிற்சிப் பதிவு, அலுமாரியில் கைக்கு வந்த ஒரு போத்தலை எடுத்து இதன் இன்வொயிஸ், கடைசியாக ‘மூன்று வாரத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமை கெமரா பதிவைக் காட்டுங்கள்’. இது எல்லாமே அனெக்ஸ் 2இல் இருந்துதான் வரும். ஒரு தாளில் உங்கள் நிபந்தனைகளைத் தமிழில் எழுதி வேலையாட்களுக்குக் கொடுத்திருந்தால் பத்து நிமிடத்தில் முடியும். ‘முதலாளி இல்லை, நாளைக்கு வாங்க’ என்று சொன்னால், அந்த வசனம் அப்படியே அறிக்கையில் போகும்.

மீறல் இருந்தால் வழமையாக முதலில் எச்சரிக்கைக் கடிதம் வரும். அதற்குப் பதில் எழுதுங்கள்: எதைத் திருத்தினோம், எந்த நாளில், படம் இணைப்பு. பதில் எழுதாத கடிதங்கள்தான் பின்னால் ரிவ்யூ கோப்பில் ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும்.

ரிவ்யூ என்று வந்தால் மீண்டும் 28 நாள், மீண்டும் மூன்று கவுன்சிலர்கள். அவர்கள் நிபந்தனைகளை மாற்றலாம், டிபிஎஸ்ஸை நீக்கலாம், மூன்று மாதம் வரை இடைநிறுத்தலாம், ரத்துச் செய்யலாம். கத்திக்குத்து போன்ற பாரதூரமான சம்பவம் என்றால் பொலிஸ் அவசர ரிவ்யூ கேட்கும், அதில் 48 மணி நேரத்துக்குள் இடைக்கால நடவடிக்கை வந்துவிடும். இந்தக் கட்டத்தில் என்னைப் போன்ற படிவம் நிரப்புபவர் போதாது, லைசன்சிங் மட்டுமே பார்க்கும் சொலிசிட்டரைப் பிடியுங்கள்.

முடிவு எழுத்தில் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் மஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்யலாம். சாதாரண ரிவ்யூவில் மேன்முறையீடு போட்டால் அது முடியும் வரை ரத்து நடைமுறைக்கு வராது, கடை ஓடும். 21 நாள் என்பதில் சனி ஞாயிறும் அடக்கம், நீதிமன்றம் தயவு காட்டி நாள் நீட்டித் தராது.